கண்ணாடியில் ஒரு பூச்சி

மே 4, திங்கள்

இன்று குறிப்பிடும்படியாக ஒன்றும் நடக்கவில்லை.

மே 4, மாலை

மேலே எழுதியதை மறுபடியும் படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றும் நடக்காத நாளில் ஒருத்தி எதற்கு மூன்று தடவை குளித்தாள் என்று யாராவது கேட்டால் மாட்டிக்கொள்வேன். கத்திரி வெயில் இன்றைக்குத்தான் ஆரம்பம் என்று சொல்லித் தப்பிக்கலாம்.

சீருடைச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். ஹாஸ்டல் மெஸ்ஸில் தயிர் புளித்திருந்தது. அம்மா போன் செய்தாள், எடுக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் எனக்கு நேர் எதிரே நவநீதன் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். நானும் என் தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியில் வாய் ஓயாத இரண்டு பேர் நாங்கள்தான். மெஸ் அக்காவுக்கே பொறுக்கவில்லை. "ரெண்டு பேத்துக்கும் தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம்.

மே 5, செவ்வாய்

சரி, எழுதிவிடுகிறேன். இந்த நோட்டைப் படிக்கப்போவது நான் ஒருத்திதான். ஊருக்கெல்லாம் பொய் சொல்லிவிட்டு எனக்கே சொல்லிக்கொள்வதற்குக் கையில் புதிய பொய் இல்லை.

எங்கள் திடலில் ஓர் ஓடுபாதை, விமானங்களை நிறுத்த ஒரு கொட்டகை, ஒரு ரேடியோ அறை. அந்த அறையில் காதில் ஹெட்செட்டோடு கேப்டன் ரெஜினா இருப்பார். தூத்துக்குடிக்காரர், முப்பத்தாறு வயது, எங்கள் எல்லாருக்கும் பறக்கச் சொல்லிக் கொடுப்பவர். வானத்தைப் பங்கு பிரித்து வைத்திருக்கிறார். வடக்கே ஏரிப் பக்கம் ஒரு பங்கு, தெற்கே மலைப் பக்கம் ஒரு பங்கு. மேற்கே நெடுஞ்சாலையைத் தாண்டி யாரும் போகக் கூடாது. தனியாகப் பறக்கிறவர்கள் அவ்வப்போது ரேடியோவில் தாங்கள் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் யார் எங்கே என்று மற்றவருக்குத் தெரியும். பெரிய விமானங்களில், எதிரே இன்னொன்று வந்தால் கூவி எச்சரிக்கும் கருவி உண்டு. எங்கள் கிழட்டுச் செஸ்னா விமானத்தில் உள்ளது ஒரு திசைகாட்டி, ஒரு வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர், அப்புறம் ஓட்டுகிறவரின் இரண்டு கண்கள்.

நேற்று எனக்கு ஏரிப் பக்கம். நானும் ஏரிப் பக்கம்தான் இருந்தேன். ஏரிக்குக் கொஞ்சம் மேற்கே. நெடுஞ்சாலைக்கும் கொஞ்சம் மேற்கே. கறாராகச் சொன்னால் ஊத்துப்பாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு மேலே.

அம்மா அந்த நேரத்துக்கு மாடியில் வடகம் காயப்போடுவாள். நான் ஒரு சுற்றுச் சுற்றி, இறக்கையை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை ஆட்டுவேன். அம்மா கையில் ஒரு சிவப்புத் துண்டை எடுத்து வீசு வீசென்று வீசுவாள். இரண்டு வாரமாக இது நடக்கிறது. மேலே இருப்பது நான்தான் என்று அம்மாவிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டுமா என்ன? பெற்றவளுக்குத் தெரியாதா?

நேற்று வானத்தில் நாங்கள் இரண்டே பேர். மஞ்சள் இறக்கை விமானத்தில் நான், சிவப்புக் கோடு போட்டதில் நவநீதன். மாடிக்கு மேலே இருந்துகொண்டு, "ஏரி மேலே, மூவாயிரம் அடி" என்று ரேடியோவில் சுத்தமாகச் சொன்னேன். உடனே அவன் குரல் வந்தது. "மலை மேலே, மூவாயிரம் அடி." மலை எங்கே, ஊத்துப்பாளையம் எங்கே. நிம்மதியாகக் கீழே பார்த்துக்கொண்டு வந்தேன்.

முன்கண்ணாடியில் ஒரு பூச்சி அடிபட்டு ஒட்டியிருந்தது. மிளகு அளவுதான் இருக்கும். இறங்கியதும் துடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வகுப்பில் கேப்டன் தலைபாடாக அடித்துக்கொண்டு சொன்ன பாடம் அப்போது நினைவுக்கு வரவில்லை. கண்ணாடியில் நகர்ந்து போகிற புள்ளி நம்மை விட்டு விலகிப் போய்விடும். நகராமல் ஒரே இடத்தில் நிற்கிற புள்ளிதான் நேராக நம்மிடம் வருகிறது. என் பூச்சி அசையவே இல்லை. பிறகு அதற்கு இறக்கை முளைத்தது. பிறகு சிவப்புக் கோடு முளைத்தது.

நேருக்கு நேர் வந்தால் இருவரும் அவரவர் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது விதி. நேற்று நாங்கள் இருவரும் கடைப்பிடித்த ஒரே விதி அதுதான். என் இடப்பக்கமாக அவன் கடந்து போனான். வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தான். கீழ்வரிசையில் ஒரு பல் கோணல். இத்தனை நாள் கூடப் படித்தும் அதை நான் கவனித்ததில்லை.

இறங்கியதும் கேப்டன் கேட்டார். "எப்படி இருந்துச்சு?"

"அருமையா இருந்துச்சு, மேடம்."

பின்னாலேயே அவன் வந்தான். அவனும் அருமை என்றான்.

மே 6, புதன்

மாணவர்களே விமானத்தைக் கழுவ வேண்டும் என்பது இங்கே வழக்கம். முன்கண்ணாடியை மூன்று தடவை துடைத்தேன். பூச்சி எதுவும் இல்லை. அது எனக்கு முன்பே தெரியும், இருந்தாலும் துடைத்தேன். அடுத்த விமானத்தை நவநீதன் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மலை எப்ப இருந்து ஊத்துப்பாளையத்துல இருக்குது?" என்று கேட்டேன்.

"ஏரி வந்து சேந்த அன்னைக்கே அதுவும் வந்துருச்சு" என்றான்.

"மலைன்னு நீ சொன்னதை நான் நம்புனேன்."

"ஏரின்னு நீ சொன்னதை நான் நம்பலையா? நம்பித்தான குனிஞ்சு கீழ பாத்துட்டு வந்தேன்!"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. ரேடியோவில் இப்படிப் பச்சையாகப் பொய் சொல்கிறவனை என்ன செய்வது? நான் சொன்னதும் பொய்தான், ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. அவனுக்கும் காரணம் இருக்கிறதாம். அவன் வீடு திருச்செங்கோட்டில். எங்கள் ஊருக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் போன வருடம்தான் அவன் அப்பா ஒரு கோழிப்பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். மகன் பறக்கிறான் என்பதை அவர் நம்பவில்லை. சினிமா பார்த்துக்கொண்டு ஊர் சுற்றுகிறான் என்று உறவுக்காரர்களிடம் சொல்கிறாராம். அதனால் இவன் பண்ணைக்கு மேலே வந்து, எஞ்சின் சத்தத்தைக் குறைத்து, தாழ இறங்கி, திடீரென்று முறுக்கி மேலே ஏறுவான்.

"அப்பா வெளிய ஓடி வந்து ரெண்டு கையவும் உசத்திக் காட்டுவாரு" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. அந்தப் பல் மறுபடியும் தெரிந்தது.

அவனைக் காட்டிக்கொடுக்கலாம் என்றால் நான் அங்கே இருந்தது தெரிந்துவிடும். அவனுக்கும் அதே சங்கடம். கேப்டனுக்குத் தெரிந்தால் இருவரையும் அன்றைக்கே பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார், அதில் சந்தேகமே இல்லை. வாயைத் திறப்பதில்லை என்று வாளித் தண்ணீரில் கை வைத்துச் சத்தியம் செய்தோம். தண்ணீர் சோப்புத் தண்ணீர். அது செல்லுமா என்று தெரியவில்லை.

மே 7, வியாழன்

அம்மா போன் செய்தாள். எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

"கண்ணு, திங்கக்கெழம நம்ம ஊட்டுக்கு மேல ரெண்டு ஏரோப்ளேன் மோதிக்கப் பாத்துச்சு. எனக்கு இன்னும் நெஞ்சு அடங்கலே. அதுல ஒண்ணு மஞ்ச ரெக்க. அது டெய்லியும் வருது. எவனோ கூறுகெட்டவன், குடிகாரனாட்ட ரெக்கய ஆட்டிட்டே வர்றான்."

நான் அம்மாவுக்கு அனுப்பிய படத்தில் எல்லாம் என் முகம்தான் பெரிதாக இருக்கும். விமானம் பின்னால் மங்கலாகத் தெரியும். நான் ஓட்டுவதுதான் மஞ்சள் இறக்கை என்று அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

"விடும்மா. ஏதோ தெரியாம வந்திருப்பாங்க."

"எப்புடி உடறது? நீயும் அதே வானத்துலதான சாமி சுத்தற? நீ மேல இருக்கறப்ப அந்தக் கருமம் புடிச்சவன் வந்து இடிச்சான்னா? உங்க மேடத்தப் பாத்துச் சொல்லிப்போட்டுத்தான் மறுவேலை."

நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அதுவும் பொய். நான்கு கோடு முழுசாக இருந்தது.

மே 8, வெள்ளி

இன்று பறந்தேன். ஏரிப் பக்கம். நிஜமாகவே ஏரிக்கு மேலே.

ரேடியோவில் ஒருவன், "மலை மேலே" என்றான். உடனே என் தலை நான்கு பக்கமும் திரும்பியது. அவன் மலையில் இருக்கிறான் என்று எனக்கு யார் சொன்னது? அவனே சொன்னான். அவ்வளவுதானே? நானும்தான் சொன்னேன். இன்னொருத்தி, "ஓடுபாதைக்கு வருகிறேன்" என்றாள். அவளும் எந்த மொட்டை மாடிக்கு மேலே சுற்றிக்கொண்டு சொல்கிறாளோ? கண்ணாடியில் இருந்த தூசியெல்லாம் விமானமாகத் தெரிந்தது. ஒரு பருந்தைப் பார்த்து வலப்பக்கம் திரும்பினேன். கழுத்து வலிக்க வலிக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வானம் அவ்வளவு பெரிதாக இருந்தும் எனக்கு நிற்க இடம் இல்லாதது போல் இருந்தது.

வயிற்று வலி என்று சொல்லிப் பாதியில் இறங்கிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் பொய் சொன்னது போய், இப்போது யார் சொன்னாலும் நம்ப முடியவில்லை. இப்படியே போனால் என்னால் பறக்கவே முடியாது.

கேப்டன் ஓமத் தண்ணீர் கொடுத்தார். வயிறு நன்றாக இருந்தும் முழுவதையும் குடித்தேன்.

மே 10, ஞாயிறு

நவநீதன் கேன்டீனில் வந்து உட்கார்ந்தான். வெள்ளிக்கிழமை அவனும் பாதியில் இறங்கிவிட்டானாம். தலைவலி என்று சொன்னானாம். தைலம் கிடைத்ததாம்.

"எங்கப்பா வேற கேப்டனப் பாக்க வர்றேன்னு நிக்கறாரு" என்றான். "செவப்புக் கோடு போட்ட ப்ளேன் வந்து கோழியெல்லாம் மிரண்டு மூலைல போய் அப்பிக்குதாம். முட்டை பாதியாயிப்போச்சாம்."

"கையத் தூக்கிக் காட்டுவாருன்னு சொன்னே?"

"திட்டறதுக்குத்தான் தூக்கியிருக்காரு போல."

சிரிக்கக் கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை. அவனும் சிரித்தான். பிறகு இருவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர்கள் வருவதற்கு முன்னால் நாமே போய்ச் சொல்லிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். சொன்னால் சீட்டுக் கிழிந்துவிடும் என்றான். சொல்லாவிட்டால் மட்டும் நாளைக்கு உன்னால் ஏற முடியுமா என்று கேட்டேன். டீயை முழுசாகக் குடித்துவிட்டுச் சரி என்றான்.

யார் முதலில் பேசுவது, எப்படி ஆரம்பிப்பது, "மன்னிச்சிருங்க" முதலில் வருவதா கடைசியில் வருவதா என்று ஒத்திகை பார்த்தோம். இரண்டு டீ, நான்கு பஜ்ஜி. அவன் மூன்று, நான் ஒன்று. இதையும் பதிவு செய்து வைக்கிறேன்.

மே 11, திங்கள்

ஒத்திகை எல்லாம் வீண்.

காலையில் இருவரும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ரேடியோ அறைக்குப் போனோம். கதவுக்கு வெளியே அம்மாவின் செருப்பு. பக்கத்தில் ஒரு பெரிய தோல் செருப்பு. "எங்கப்பாது" என்றான் நவநீதன், காற்றுப் போன குரலில்.

உள்ளே அம்மாவும் ஒரு மீசைக்காரரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பல நாள் பழகியவர்கள் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேசை மேல் ஒரு டப்பா நிறைய வடகம், ஓர் அட்டை முட்டை. எதிரே கேப்டன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அந்த மஞ்ச ரெக்கைக்காரன் இருக்கானே மேடம்," என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள், "பெத்தவ ஒழுங்கா வளத்திருந்தா இப்பிடிப் பறப்பானா?"

"நல்லாச் சொன்னீங் அம்மணி" என்றார் மீசைக்காரர். "அந்தச் செவப்புக் கோட்டுக்காரனும் அதே மாதிரித்தானுங். கோழி என்ன பாவம் பண்ணுச்சு? அவனப் பெத்த அப்பன் மட்டும் என்ற கையில சிக்குனான்னா..."

"உட்றாதீங்ண்ணா" என்றாள் அம்மா.

கேப்டன் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். மஞ்சள் இறக்கை ஒன்றுதான் இந்தப் பள்ளியில் உண்டு. சிவப்புக் கோடும் ஒன்றுதான். அன்றைக்கு எதில் யார் ஏறினார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

"வாங்க" என்றார். "நீங்க பாக்க வந்த ரெண்டு பேரும் இந்தா நிக்காவ."

அம்மா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இது என்ற பொண்ணுங் மேடம்" என்றாள். பிறகு கேப்டன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் என்னைப் பார்த்தாள். சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியும். அதை எழுத மாட்டேன்.

"நாங்களே சொல்லத்தான் வந்தோம் மேடம்" என்றேன்.

"நல்ல நேரம் பாத்து வந்தீய" என்றார் கேப்டன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எல்லை தாண்டிப் போனீய, அது ஒரு தப்பு. ஆனா நான் இந்த ரூம்ல ஒக்காந்து, ஒருத்தி ஏரில இருக்கா, ஒருத்தன் மலைல இருக்கான்னு நிம்மதியா காப்பி குடிச்சிட்டு இருந்திருக்கேன்லா? அதத்தான் தாங்க முடியல" என்றார்.

இருவருக்கும் பறக்கத் தடை. வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று மாதக் கடைசியில் சொல்வாராம். தனியாகப் பறந்த நேரம் எல்லாம் செல்லாது என்று அங்கேயே அடித்துவிட்டார்.

மே 11, மாலை

அம்மா வேப்ப மரத்தடியில் என்னை நிற்க வைத்து, "பெட்டியக் கட்டு, போலாம்" என்றாள். பூமி என்று அர்த்தம் வருகிற மாதிரித்தான் தாரணி என்று பேர் வைத்தோம், பூமியிலேயே கிட என்றாள். அழுதேன். மாதக் கடைசி வரைக்கும் என்று கெஞ்சினேன். அதற்குள் அவளும் அழ ஆரம்பித்திருந்தாள்.

"உனக்குத்தாம்மா காட்ட வந்தேன். நீயும் துண்ட வீசிக் காட்டுனியே!"

அம்மா அழுகையை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் எங்கடி காட்டுனேன்? காக்கா ஓட்டிட்டு இருந்தேன்."

இரண்டு வாரமாக நான் ஒரு காக்கைக்குப் போட்டியாக இறக்கை ஆட்டியிருக்கிறேன்.

அவள் கிளம்பும்போது வடக டப்பாவைச் சுற்றிக் கொண்டுவந்த அந்தச் சிவப்புத் துண்டைக் கேப்டன் கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு என்று தெரியவில்லை. என் பெட்டி இன்னும் ஹாஸ்டலில்தான் இருக்கிறது.

மே 13, புதன்

எதற்கு என்று தெரிந்துவிட்டது.

கொட்டகைக்கு முன்னால் உள்ள சிமென்ட் தரையில் கேப்டன் சுண்ணாம்பால் ஏரி, மலை, நெடுஞ்சாலை, ஓடுபாதை எல்லாம் வரைந்திருக்கிறார். எங்களில் ஒருவருக்குத் துண்டால் கண்ணைக் கட்டுவார். மற்றவர் கண் திறந்தபடி தன் இஷ்டத்துக்கு நடந்துகொண்டு, தான் இருக்கும் இடத்தை உரக்கச் சொல்ல வேண்டும். கண் கட்டியவர் எங்கே நிற்கிறார் என்பதைக் கேப்டன் சொல்வார். இரண்டையும் மனத்தில் வைத்து, இடிக்காமல் நடந்து ஓடுபாதைக்கு வந்து சேர வேண்டும். அப்புறம் துண்டு கை மாறும். தினமும் இதே வேலை. இரண்டு கையையும் இறக்கை போல நீட்டிக்கொள்ள வேண்டும் என்பது கூடுதல் அவமானம்.

மெஸ் அக்கா முதல் பலகாரம் வாங்கி வருகிறவர் வரை எல்லாரும் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

மே 15, வெள்ளி

துண்டில் வடக வாசனை அடிக்கிறது. கண்ணைக் கட்டிய உடனே பசிக்கிறது.

மே 16, சனி

இன்று நான் கண் திறந்திருந்தேன். நவநீதன் கண் கட்டி, கையை நீட்டி, ஓர் அடி எடுத்து வைப்பதற்கு முன் என் குரலுக்காகக் காத்து நின்றான். "மலை" என்றேன். மலைப் பக்கம் முதுகைக் காட்டித் தைரியமாக நடந்தான். அவன் காது கொஞ்சம் பெரிதுதான். குறிப்பிடத்தக்க விஷயம் அல்ல. பார்த்ததை எழுதுகிறேன்.

மே 20, புதன்

கேப்டனுக்கு ஒரு போன் வந்து, உள்ளே போனார். என் கண் கட்டியிருந்தது.

"எங்க இருக்கறே?" என்றேன்.

"மலை" என்றான்.

நான் ஏரிப் பக்கம் இரண்டு எட்டு வைத்தேன். நேராக அவன் மேலே போய் மோதினேன். என் நெற்றி அவன் தாடையில் இடித்தது. துண்டை இழுத்துவிட்டுப் பார்த்தால் உதட்டில் ரத்தத்தோடு சிரித்துக்கொண்டு நின்றான்.

"சும்மா வெளையாட்டுக்கு" என்றான்.

நான் சுண்ணாம்பு ஏரியின் நடுவே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஏன் அப்படி அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை. தெரியும். அன்றைக்கு மேலே அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது.

"வெளையாட்டா? அன்னைக்கு நீ வாயத் திறந்து கத்திட்டுப் போனதப் பாத்தேன். உன்ற பல்லு கோணலா இருக்கறது வரைக்கும் தெரிஞ்சுது. ஒரு நிமிஷம், நீ செத்துட்டேன்னே நெனச்சேன். நானும் செத்துட்டேன்னு நெனச்சேன். மறுபடியும் எனக்குப் பொய் சொல்றே?"

அவன் சிரிப்பு போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்தான். அன்று பண்ணைப் பக்கம் ஒரு காலி வயலிலேயே இறங்கிவிடலாமா என்று தோன்றியது என்றான். தினமும் காலையில் எழுந்ததும் அந்த நொடி மறுபடியும் கண்முன் வருகிறது என்றான். இனிமேல் சொல்ல மாட்டேன் என்றான்.

"என்ன சொல்ல மாட்டே?"

"இல்லாத எடத்த."

கேப்டன் வந்து அவன் உதட்டைப் பார்த்தார். கால் தடுக்கி விழுந்தான் என்று நான் சொன்னேன். இனிப் பொய் சொல்வதில்லை என்று இருவரும் பேசி முடித்து ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. தரையில் சொல்லும் பொய்க்குத் தடை உண்டா என்று பேசிக்கொள்ளவில்லை.

மே 23, சனி

இன்று ஒரு தடவை கூட இடிக்கவில்லை. கண் கட்டியிருக்கும்போது, அவன் "நெடுஞ்சாலை" என்றால் அங்கே அவன் நிற்பது எனக்குத் தெரிகிறது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மெஸ்ஸில் பஜ்ஜி. இந்தத் தடவை இரண்டு, இரண்டு.

மே 29, வெள்ளி

கேப்டன் கூப்பிட்டார். இரண்டு நாற்காலி போட்டிருந்தும் உட்காரச் சொல்லவில்லை.

"அனுப்பிரலாம்னுதான் இருந்தேன்" என்றார். "பொறவு யோசிச்சுப் பாத்தேன். இந்தப் பள்ளிக்கூடத்துலேயே இனிமே எடம் மாத்திச் சொல்லப் பயப்படுத ஆளு நீங்க ரெண்டு பேருதான். ஒங்கள வெளிய அனுப்பிட்டு நான் யார நம்ப?"

அவரோடு இரண்டு தடவை பறந்து காட்ட வேண்டும். அப்புறம் தனியாக. ஒரே காலையில், இருவரும் ஒன்றாக.

மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய், "சரிங்க மேடம்" என்றது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். முதலில், வேண்டவே வேண்டாம் என்றாள். பிறகு, "நீ ஏறற அன்னைக்கு நான் அங்க வந்து உக்காந்து காதுல கேக்கோணும். அதுக்கு உங்க மேடம் சம்மதிச்சா ஏறு" என்றாள். மேடம் சம்மதித்தார். வடகம் கொண்டு வரச் சொன்னார்.

ஜூன் 3, புதன்

கேப்டனோடு இரண்டு தடவை பறந்தாயிற்று. இரண்டாவது தடவை இறங்கியதும், "கழுத்து சுளுக்கிக்கிரும், கொஞ்சம் கொறைச்சுத் திருப்பு" என்றார். என்னால் குறைக்க முடியவில்லை.

ஜூன் 5, வெள்ளி

எனக்கு ஏரி. நவநீதனுக்கு மலை. அன்றைக்கு இருந்த அதே பங்கு, அதே விமானம். வேண்டுமென்றே செய்கிறார்.

ஏறும் முன் அவன் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். என் கை வேலையாக இருந்ததால் பதிலுக்கு உயர்த்தவில்லை. மாதா ஸ்டிக்கரைத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கு மேலே வந்து நேராக்கினேன். தண்ணீர் வற்றி, நடுவில் ஒரு திட்டு தெரிந்தது. ரேடியோவைத் திறப்பதற்குள் அதில் ஒரு கரகரப்பு. கேப்டன் குரல் இல்லை.

"கண்ணு, எங்கடி இருக்கற? உண்மையச் சொல்லு."

"ஏரி மேலம்மா. மூவாயிரம் அடி."

"நெசமாவா?"

"நெசமாத்தாம்மா. தண்ணி வத்திப்போய்த் திட்டுத் தெரியுது."

"அந்தத் தம்பி எங்க?"

மைக்கைப் பிடுங்குகிற சத்தமும், "அம்மா, அதத் தொடாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்லுதேன்" என்ற சத்தமும் கேட்டன. பிறகு அமைதி. வானம் மறுபடியும் அன்றைக்கு மாதிரியே பெரிதாகிவிட்டது. அந்தத் தம்பி எங்கே என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. நெடுஞ்சாலைப் பக்கம் பார்த்தேன். பின்னால் பார்த்தேன்.

"மலை மேலே" என்றான் நவநீதன். "மூவாயிரம் அடி. உச்சிக் கோயிலுக்கு நேர் கிழக்கே."

உச்சிக் கோயில் எல்லாம் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. விமானத்தைத் தெற்குப் பார்த்துத் திருப்பினேன். தூரத்தில் மலை, அதன் உச்சியில் வெள்ளையாகக் கோயில். கண்ணாடியில் மிளகு அளவு ஒரு புள்ளி.

பார்த்துக்கொண்டே இருந்தேன். புள்ளி மெதுவாக நகர்ந்தது. கோயிலுக்கு நேர் கிழக்கே வெயில் பட்டு ஒரு தடவை மின்னியது.

சொன்ன இடத்தில் இருந்தான்.